நோபல் பரிசு பட்டினிக்குக் கொடுத்ததல்ல!

"ஜப்பான்காரர் ஒருத்தர், பட்டினி கிடந்தா செல்லெல்லாம் தானாவே சுத்தமாயிடும்னு கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்கிட்டாராமே டாக்டர்? அதான் நானும் ஆரம்பிச்சேன்..."

என் எதிரில் உட்கார்ந்து ஒரு அம்மாள் இப்படிச் சொன்னார். வயது அறுபதை நெருங்குகிறது. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, ராத்திரியும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கியிருக்கிறார். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி, அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். மகன் வீட்டில் இருந்ததால் பிழைத்தார்.

"சித்தர்களும் இதைத்தான் சொன்னாங்கன்னு அதிலே போட்டிருந்துச்சே..." என்றார். எனக்குச் சுருக்கென்றது. சித்த வைத்தியன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் அந்த விஞ்ஞானத்தைப் பார்ப்போம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு குடித்தனம். நடுவில் உட்கரு, பரம்பரைச் சொத்துப் பத்திரம் மாதிரி மரபுச் செய்தி அதற்குள் பத்திரமாக இருக்கிறது. ரைபோசோம் என்கிற சமையற்காரர்கள் அந்தக் குறிப்பின்படி புரதம் தயாரிக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா என்பது அடுப்பு. சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்தும் சுவாசித்த பிராணவாயுவிலிருந்தும் செல்லுக்கு வேண்டிய சக்தியை எடுத்துத் தருவது அதுதான். கல்லீரல் செல் ஒன்றில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள்!

குடித்தனம் என்றால் பழசும் உடைசலும் சேரத்தானே செய்யும்? அதற்குத்தான் லைசோசோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் 1955-ல் இதைக் கண்டறிந்தார். 1974-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அமிலமும், ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகளும் அடங்கிய குட்டிப் பை இது. தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவையும் கெட்டுப்போன புரதத்தையும் ஒரு சவ்வு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து இதனிடம் சேர்க்கிறது. இது அவற்றை உடைத்து, அமினோ அமிலமாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்களே, அதே கதைதான்! இந்த வேலைக்கு 'ஆட்டோபேஜி' என்று 1963-ல் பெயர் வைத்தவரும் டி டூவ்தான்.

இது நடக்காவிட்டால் என்ன ஆகும்? லைசோசோமில் ஒரே ஒரு நொதி குறைந்தால்கூட 'கோஷே' என்ற பரம்பரை நோயில் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிப் போகின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் மரபணுக்கள் கெட்டால், சிலருக்கு இள வயதிலேயே பார்க்கின்சன் நடுக்கம் வருகிறது. சாதாரண வேலையில்லை இது.

ஜப்பானின் யோஷினோரி ஓசுமி செய்தது என்ன? ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். அதைப் பட்டினி போட்டார் என்பது உண்மைதான். பொட்டலங்கள் சேர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு இந்த வேலையை நடத்தும் பதினைந்து மரபணுக்களை 1993-க்குள் அடையாளம் கண்டார். ஆட்டோபேஜி எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காக 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்கள் பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவருக்குப் பரிசு கொடுத்தவர்கள் சொல்லவேயில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் துப்புரவு வேலை நம் செல்களில் எப்போதும் ஓரளவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. பசியில் அதிகமாகிறது, அவ்வளவுதான். உடற்பயிற்சியும் இதைத் தூண்டுகிறது என்று 2012-ல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதிகமானால் எல்லாம் நல்லதுதானா என்றால், அதுவும் இல்லை. வளர்ந்துவிட்ட புற்றுநோய்க் கட்டியின் செல்களும் இதே வித்தையை வைத்துப் பிழைத்துக்கொள்வதுண்டு.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். லைசோசோம் எந்த ஏட்டுச் சுவடியிலும் இல்லை. இதைச் சொல்வதால் சித்த மருத்துவத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் நாடியையும் நாக்கையும் கண்ணையும் பார்த்து வைத்தியம் செய்தார்கள். அதுவே அவர்கள் பெருமை. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றிச் சொல்வதுதான் அவர்களுக்கு அவமரியாதை.

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது உண்மைதான். ஆனால் அது அஜீரணத்துக்கும் காய்ச்சலுக்கும், நோயாளியின் பலம் பார்த்து வைத்தியன் சொல்லும் முறை. திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் என்ன சொல்கிறார்? நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் மூன்றையும் எண்ணிச் செய் என்கிறார். வாட்ஸ்அப் செய்திக்கு இந்த மூன்றில் ஒன்றாவது தெரியுமா?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், மெலிந்த முதியவர்கள், சிறுநீரக நோயாளிகள்... இவர்கள் யாரும் தாமாகப் பட்டினி இருக்கக் கூடாது. ஏகாதசி, சஷ்டி விரதம் என்றாலும், நோன்பு என்றாலும், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் அலோபதி டாக்டராக இருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்!

சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது எளிமையானது. முன்பு சாப்பிட்டது செரித்தபின் அடுத்த வேளை, இரவுச் சாப்பாடு சீக்கிரம், தினமும் அரை மணி நடை, நல்ல தூக்கம். மீதியை லைசோசோம் பார்த்துக்கொள்ளும்.

அந்த அம்மாள் இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். அடுத்த செய்தி உங்கள் போனுக்கு வரும்போது, பத்துப் பேருக்கு அனுப்புமுன் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!