இரண்டாவது குழிக்கு விலை 204 உயிர்

இஞ்சினியர்களுக்குச் சங்கம் எதற்கு, அவர்கள் நிர்வாகத்தின் பக்கம் நிற்பவர்கள்தானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரில் தோன்றிய ஒரு சங்கத்தின் வரலாறு இதற்குப் பதில் சொல்லும்.

அந்த வட்டாரம் நிலக்கரிச் சுரங்க வட்டாரம். 1812ல் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து ஒரே நாளில் 92 பேர் மாண்டனர். பிறகும் சாவுகள் நின்றபாடில்லை. விபத்தைத் தடுக்கவும், சுரங்கத்தில் நல்ல காற்று ஓடச் செய்யவும் வழி காண்பதற்காக 1852ல் சுரங்க இஞ்சினியர்களும் முதலாளிகளும் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவர் நிக்கலஸ் வுட். அவர் இஞ்சினியர், சுரங்கங்களில் பங்குள்ள முதலாளியும்கூட. கட்டுரை படித்தார்கள், விவாதித்தார்கள், அச்சிட்டு வெளியிட்டார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் பத்தாண்டு கழித்து நடந்தது என்ன?

அதே வட்டாரத்தில் ஹார்ட்லி சுரங்கம். ஆள் இறங்க, கரி ஏற, தண்ணீர் இறைக்க, காற்றுப் போக எல்லாவற்றுக்கும் ஒரே குழி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். 1862 ஜனவரி 16ல் குழியின் மேலிருந்த பம்பு எஞ்சினின் வார்ப்பிரும்பு உத்தரம் ஒடிந்தது. சுமார் 20 டன் இரும்பு குழிக்குள் விழுந்து வழியை அடைத்தது. கிணறு வெட்ட இறங்கியவனுக்குத் தெரியும், ஏறும் வழி அடைபட்டால் என்ன கதி என்று. மேலே பெண்டு பிள்ளைகள் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். சிறுவர்கள் உட்பட 204 பேர் மாண்டார்கள்.

ஒரு வழி அடைபட்டால் வேறு வழி வேண்டும் என்பதை அறியப் பெரிய விஞ்ஞானம் தேவையா? தேவையில்லை. இரண்டாவது குழி தோண்டப் பணம் செலவாகும். அதுதான் விஷயம்! அதே 1862ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. ஒரே குழியை வைத்துச் சுரங்கம் நடத்தக் கூடாது என்றது. சட்டம் வந்ததும் பணமும் வந்தது, குழியும் வந்தது.

சங்கம் வளர்ந்தது. நியூகாசிலில் 1871ல் விஞ்ஞானக் கல்லூரி தோன்ற அது துணை நின்றது. 1872ல் சொந்த மண்டபமும் நூலகமும் கண்டது. 1876ல் அரச சாசனம் பெற்றது. அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 2005ல் மூடப்பட்டது. மண்டபமும் நூலகமும் இன்றும் நிற்கின்றன.

ஆகவே, இஞ்சினியரின் படிப்பைப் பழிக்காதீர்கள். அது நமக்கு வேண்டும். ஆனால் ஏட்டில் உள்ள அறிவு தானாகவே தொழிலாளியின் உயிரைக் காக்காது. செலவுக் கணக்குப் பார்ப்பவன் கையைக் கட்டச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் பிணங்களை எண்ணிய பிறகு வரக்கூடாது. முன்னதாகவே வர வேண்டும். அதற்கு இஞ்சினியர் வாய் திறக்க வேண்டும், தொழிலாளி கூடிக் கேட்க வேண்டும்.