பனித்தரையில் விரிந்த பகடைப் பலகை

விளையாட்டை நேசிக்கும் சாதாரண மனிதன் இலாபங் கருதி நேசிப்பதில்லை. கனடாவின் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் பனித்தரை ஹொக்கி அணி ஸ்ரான்லி கிண்ணத்தை இறுதியாக வென்றது 1967இல். அதன் பின்னர் பிறந்து பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டவர்களும் அவ்வணியைக் கைவிட்டாரில்லை. அந்நகரிற் குடியேறிய எம்மவரின் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் உளர். தோல்வியிலும் தளராத இந்தப் பற்று மக்கள் தாமே உருவாக்கிய செல்வம். அச்செல்வத்தின் மீதே இன்று சூதாட்ட முதலாளியின் கை விழுந்திருக்கிறது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி வழங்குவதைத் தடுத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திற் செல்லாததாக்கியது. அவ்வாண்டு முடியுமுன்னரே தேசிய ஹொக்கி லீக் பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தஞ் செய்துகொண்டது. தனியோர் ஆட்டத்தின்மீது பணங் கட்டுவதைக் கனடா 2021 ஓகஸ்டிற் சட்டபூர்வமாக்கியது. ஒன்ராறியோ மாகாணம் 2022 ஏப்ரலில் தன் இணையச் சந்தையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. பின்னர் நடந்ததென்ன? கொனர் மக்டேவிட், ஓஸ்ரன் மத்தியூஸ் போன்ற வீரர்களே பந்தய விளம்பரங்களில் தோன்றினர். சிறுவர் தம் அறைச் சுவரில் ஒட்டிவைத்த முகங்கள் சூதாட்டத்துக்குத் தரகு பேசின.

எதிர்ப்பு எழுந்தது. 2024 பெப்ரவரி இறுதி முதல் இத்தகைய விளம்பரங்களில் விளையாட்டு வீரர்கள் தோன்றுவதை ஒன்ராறியோ தடுத்தது. ஆயினும், பொறுப்போடு சூதாடுமாறு அறிவுரை கூறும் விளம்பரங்களுக்கு விலக்களித்தது. கள்ளுக்கடை வாசலில் நின்று அளவோடு குடியுங்கள் என்று உபதேசிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

வீரர்களுக்கு வேறொரு நீதி இருக்கிறது. பந்தயங் கட்டியமைக்காக 1948இல் பில்லி ரெய்லர், டொன் கலிஞ்சர் என்னும் இருவரை லீக் வெளியேற்றியது. 1970 வரை அவர்களுக்கு மன்னிப்பில்லை. 2023 ஒக்டோபரில் ஒட்டாவா அணியின் ஷேன் பின்ரோ, பந்தயத் தொடர்பான நடத்தைக்காக 41 ஆட்டங்களுக்கு, அதாவது பருவத்தின் அரைவாசிக்கு, இடைநிறுத்தப்பட்டார். தேசிய ஹொக்கி லீக் ஆட்டங்களின்மீது அவர் பணங் கட்டியதற்குச் சான்றில்லை என்று லீக்கே கூறியது. ஆட்டத்தின் தூய்மைக்கு விதிகள் வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சூதுக்கு அழைத்த சகுனியே நீதிபதியின் ஆசனத்திலும் அமரலாமா என்றே கேட்கின்றோம்.

மறைவில் நடந்த பந்தயம் வெளிச்சத்துக்கு வந்துள்ளது, அரசுக்கு வரி கிடைக்கிறது என்று சிலர் வாதிப்பர். அனுமதிப்பது வேறு, ஊக்குவிப்பது வேறு. மறைவிலிருந்த தரகன் ஆடுகளத்தின் சுற்றுப்பலகையில் விளம்பரஞ் செய்ததில்லை. இரவுபகலாக இளைஞனின் கைத்தொலைபேசியிற் குடியிருந்ததுமில்லை.

கணித ஆசிரியர்கள் இச்சுரண்டலைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். சமபலமுள்ள இரண்டு அணிகள். ஒவ்வொன்றின் மீதும் ஒருவர் 110 டொலர் கட்டுகின்றார். வென்றவர் தம் பணத்தோடு மேலும் 100 டொலர் பெறுவார். நிறுவனத்துக்கு வந்தது 220. அது கொடுத்தது 210. எவ்வணி வென்றாலும் 10 டொலர் நிறுவனத்துக்கே.

பணத்திலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பந்தயக்காரனுக்கு அணியில்லை, விகிதம் மட்டுமே உண்டு. கோலைத் தவறவிட்ட வீரன் அவனுக்குத் தோழனல்லன். தன் பணத்தைத் தொலைத்த குற்றவாளி. ஒருங்கே நின்று ஆரவாரித்த மக்களைத் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துவிடுவதே இவ்வணிகத்தின் சாதனை.

சூதாட்ட விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இத்தாலி 2018இல் இயற்றியது. ஆகவே, இது இயலாத காரியமன்று. ஆட்டத்தின் ஒளிபரப்பிலும் ஆடுகளத்திலும் பந்தய விளம்பரம் ஒழிய வேண்டும். அதற்கான குரலை முதலில் எழுப்பவேண்டியவர்கள், அறுபது ஆண்டுகளாயினும் தம் அணியை விட்டு விலகாத அந்த மக்களே.