சேம அச்சு

புறநானூற்றிலே ஔவையார் பாட்டொன்றில் உப்பு வாணிகரின் வண்டி வருகின்றது. நெடுவழி செல்லப் புறப்படும் அவ்வாணிகர், வழியின் மேடுபள்ளங்களுக்கு அஞ்சி, வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொள்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி என்னும் தலைவனுக்கு ஔவையார் அதனை உவமையாக்கினார். இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் எங்கள் ஊர்க் கராச்சுக்காரர்.

1990-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. அப்பொழுது எனக்கு இருபது வயதளவு. உலகிலே பெற்றோலில்லாத ஊரில் கார் ஓடாது. எங்கள் ஊரில் ஓடியது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளியைக் காபிரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயை விடுவர். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ சூடு வேண்டும். அழுத்தம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. புகை கண்ணைக் கரித்தது உண்மை. ஆயினும் நோயாளி ஆசுபத்திரிக்குப் போனார்; பிள்ளைத்தாய்ச்சி உரிய வேளையிற் போய்ச் சேர்ந்தாள்.

இதனை எந்தப் பல்கலைக்கழகமும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற மனிதர் சிலரே கண்டறிந்து செய்தனர். அக்காலத்தில் எங்கள் குடாநாட்டுக்குச் சேம அச்சாக இருந்தவர்கள் அவர்கள்.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவன் தந்தையும் கராச் வைத்திருப்பவர். “ஐயா, இனி எல்லாம் மின்சாரக் கார் எண்டு சொல்லினம். அப்பாவின்ரை தொழிலை நான் பழகிறதோ, விடுகிறதோ?” என்று கேட்டான். இலக்கணத்தில் ஐயம் கேட்பவனுக்கு உடனே விடை சொல்லிப் பழகிய நான், அன்று உடனே விடை சொல்ல இயலாதவனானேன். அதன் பின் எண்ணியவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். மின்கார் புதுமையன்று. 1859-ஆம் ஆண்டிலேயே பிரான்சியரான பிளாந்தே ஈய மின்கல அடுக்கை ஆக்கினார். 1899-ஆம் ஆண்டில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதற் கடந்த காரும் மின்காரே. கைப்பிடியாற் சுழற்றி எழுப்பவேண்டியிருந்த பெற்றோற் காருக்கு, 1912-ஆம் ஆண்டிற் கெற்றறிங் என்பார் மின்னால் எழுப்பும் கருவியைப் பொருத்தினார். அதன்பின் மின்கார் ஒதுங்கியது. இலிதியம் மின்கலம் வந்தபின் மீண்டது. ஆகவே, புதியது என்று வியப்பதும் வேண்டாம். அந்நியம் என்று வெறுப்பதும் வேண்டாம்.

இன்னும் சொல்லப்போனால், மின்கார் எங்கள் மண்ணுக்குப் பொருந்துவதே. மலையில்லாத சமநிலம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 33 கிலோமீற்றர். ஒருமுறை மின்னேற்றினாற் போய்த் திரும்பலாம். 2022-ஆம் ஆண்டிற் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. பளையிலே காற்றாலைகள் சுழல்கின்றன. வெயிலுக்கோ எங்களிடம் பஞ்சமில்லை.

ஆனால், பொருந்துவது என்பது வேறு. நன்மையாவது என்பது வேறு. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியால் ஓடும் காரைத் தூய கார் என்பது, புகையை அயலூருக்கு அனுப்பிவிட்டுத் தன் வீட்டைத் தூயதென்பது போலாகும். அன்றியும், வற்றாத ஆறொன்றுமில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் எங்களுடையது. மேலே ஊற்றியது கீழே கிணற்றிற் சேரும். சுன்னாகத்தில் எண்ணெயால் மின் ஆக்கிய நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரை மாசுபடுத்திய வழக்கில், 2019-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. பணம் பெறலாம், கெட்ட கிணற்றை எதனாற் பெறலாம்? நாளை முதிர்ந்து கழியும் மின்கல அடுக்குகளை விற்றவர்களே மீளப் பெறவேண்டும் என்று சட்டம் இன்றே வேண்டும். வளவின் மூலையிற் குவிந்தபின் விழிப்பதிற் பயனில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. பழைய கார் திறந்த ஏடு, எழுத்தறிந்தவன் படிக்கலாம். புதிய மின்கார் அரக்குமுத்திரையிட்ட ஓலை. அதன் நோயைச் சொல்லும் கணினிக் குறிப்பு ஆக்கியவரிடமே இருக்கின்றது. பழைய காரின் மின்கலம் 12 உவோற்று; இதிலோ முந்நூறு நானூறு உவோற்று உண்டு. அறியாது தொட்டவன் உயிர் தப்பான். ஆதலால், துணிவொன்றினால் மட்டும் இத்தொழிலைப் பழகமுடியாது. கற்பிக்க ஒருவர் வேண்டும். கற்க நூல் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் நின்ற வாகன இறக்குமதி 2025-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியுள்ளது. காரை இறக்குமதி செய்ய உரிமம் கொடுப்போர், உதிரிப்பாகமும் பழுதுபார்க்கும் நூலும் பயிற்சியும் உடன்வருதல் வேண்டுமென்று ஏன் விதிக்கலாகாது?

இங்கே என்னைப் போன்ற பண்டிதர்க்கும் ஒரு குற்றம் உண்டு. துவிச்சக்கரவண்டி என்று பெயர் சூட்டியதோடு எங்கள் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். 1950-களில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது இருந்த ஊக்கம் இப்பொழுது எங்கே? சொல்லை ஆக்கினோம், அச்சொல்லால் ஒரு தொழிலாளி படிக்கத்தக்க நூலை ஆக்கினோமில்லை. கராச்சிலே வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போன பண்டிதர் எத்தனை பேர்? நான் போகவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

மாணவனுக்கு இவ்வாறு விடை அனுப்பினேன்: “தந்தையிடம் பழையதை முழுவதும் பழகு. தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து மின்னியலையும் படி. இரண்டையும் அறிந்தவனே நாளை வேண்டப்படுவான். பாடநூலில் விளங்காத சொல் வந்தால் என்னிடம் கொண்டு வா.”

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு கொப்பியோடு வந்தான். நாற்பத்திரண்டு சொற்கள் இருந்தன. அவற்றிற் பதினேழு எனக்கு விளங்கவில்லை. இருவரும் அவன் தந்தையிடம் போனோம்.