இழை ஏறிய உலோகமும் தொழிலாளியின் நெஞ்சும்

ஏலாக்குறிச்சிப் பக்கம் மண்சுவர் வைத்துப் பழகிய விவசாயத் தொழிலாளிக்கு ஒரு விஷயம் தெரியும். வெறும் சேற்றில் வைத்த சுவர் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தால் சுவர் நிற்கும். இதே நுட்பத்தை இன்று உலோகத்தில் செய்கிறார்கள். கார்பன், சிலிக்கான் கார்பைடு போன்றவற்றை மெல்லிய இழையாக்கி, அச்சில் அடுக்கி, உருக்கிய அலுமினியத்தை அழுத்திப் பாய்ச்சுகிறார்கள். எடை குறைந்த, உறுதி மிகுந்த உறுப்பு கிடைக்கிறது. 1981-ல் பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் நடுவுடலைத் தாங்கியவை போரான் இழை ஏற்றிய அலுமினியக் குழாய்கள். 2005-ல் பறந்த ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மேற்கூட்டில் அலுமினியத் தகட்டையும் கண்ணாடி இழையையும் மாறிமாறி ஒட்டினார்கள். தகட்டில் விரிசல் விழுந்தாலும் இழை அதை விரைவில் பரவ விடாது.

நல்ல காரியம்தான். யந்திரத்தைக் கண்டு மிரள்வது நம் பழக்கமல்ல. ஆனால் இழையை அறுக்கிறவன், வார்த்த உறுப்பில் துளை போடுகிறவன் மூச்சில் என்ன போகிறது?

இதைக் கேட்காமல் விட்டதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். சிமெண்டில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இழையைக் கலந்து கூரைத் தகடு செய்தார்கள். நம் கிராமங்களில் அதை வேய்ந்த வீடுகள் ஏராளம். ஆலையில் அந்தத் தூசியைச் சுவாசித்தவனுக்கு 20, 30 ஆண்டு கழித்து நோய் வெளிப்படும். அதற்குள் அவன் வேலை விட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். முதலாளியும் கைகழுவி விடுவார்! அதனால்தான் சுப்ரீம் கோர்ட் 1995 ஜனவரி 27-ல் கண்டிப்பாக உத்தரவிட்டது: கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இங்கே வெள்ளைக் கல்நார் இன்றும் இறக்குமதியாகிறது.

புது இழைகளெல்லாம் கல்நாரைப் போலக் கொடியவை என்று நாம் பயமுறுத்தவில்லை. கண்ணாடி இழைத் தூசி தோலை அரிக்கும். ஆனால் அலுமினியத்தில் கலக்கும் சிலிக்கான் கார்பைடு நுண்ணூசிகள் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014-ல் தீர்மானித்தது. உலோகத்துக்குள் சிறைப்பட்ட இழையால் விமானத்தில் போகிறவருக்குக் கேடில்லை. கேடெல்லாம் செய்கிறவனுக்கே.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள் என்று சொல்வது பாதுகாப்பாகாது. தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். கையாளும் இழையின் பெயரும் கேடும் தமிழில் எழுதித் தொங்க வேண்டும். வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இவை உண்டா என்பதே முக்கியம். சம்பளப் பட்டியலிலேயே பெயர் இல்லாதவனுக்கு 40 ஆண்டுப் பதிவேட்டை யார் வைப்பார்கள்? இழை கையாளும் ஆலைகளில் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சிலேயே இதைக் கூலி உயர்வோடு சேர்த்து முன்வைக்க வேண்டும்.