கேளிக்கைக்கு எழுப்பிய கரை

ஓடும் நீரை மறிப்பவன், அதைத் தேக்கி வைத்திருக்கும் காலம் முழுவதும், அந்நீருக்குக் கீழே வாழ்வோரின் உயிருக்கும் உடைமைக்கும் பொறுப்பேற்றவன் ஆகிறான். கரை அவனுக்குரிய நிலத்தில் எழுந்திருக்கலாம். நிலத்துக்குப் பட்டாவும் இருக்கலாம். ஆனால் கரை உடைந்த கணத்திலேயே நீர் அவனுடைய எல்லைக்கல்லைக் கடந்து, அவனை அறியாதவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். இப்பொறுப்பு பேரணைகளைக் கட்டும் அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. தன் தோட்டத்தில் விருந்தினர் படகு விடுவதற்காக ஓடையின் குறுக்கே மண்ணைக் குவிக்கும் தனியாருக்கும் உரியது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

தேனி மாவட்டத்து மக்களுக்கு அணைகளைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி ஆகிய அணைகளின் நீர்மட்டத்தை நாளிதழில் அடிக்கணக்கில் பார்த்துவிட்டே அன்றாடத்தைத் தொடங்கும் உழவர்கள் வாழும் மண் இது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரை நம்பியே நிற்கிறது. 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த அவ்வணையின் வலிமை குறித்து ஐயம் எழுப்பப்பட்டு, 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டபோது, இம்மக்கள் கேட்டது ஒன்றே: அச்சத்தைக் கொண்டு அன்று, ஆய்வைக் கொண்டு அணையை மதிப்பிடுங்கள். அணையின் உச்சியில் கான்கிரீட் போர்வை அமைக்கப்பட்டது; எஃகு வடங்கள் அணையினூடே பாறை வரை இறக்கி இறுக்கப்பட்டன; பின்புறம் கான்கிரீட் தாங்கல் எழுப்பப்பட்டது; உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழு நேரில் ஆராய்ந்தது. இவ்வளவுக்கும் பின்னரே, 2014 மே 7 அன்று, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆய்வுக்குத் தலைகொடுத்து வென்ற மக்கள், தம் மலைச்சரிவில் எழும் சிறு கரைகளுக்கும் அதே ஆய்வைக் கோருவதே முறை.

இம்மாவட்டத்தின் நில அமைப்பு அக்கோரிக்கையை மேலும் அவசரமாக்குகிறது. ஒருபுறம் மேற்கு மலைத்தொடரும் மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும் செங்குத்தாக எழ, நடுவில் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. கொடைக்கானல் மலையில் பெய்த மழைக்குக் கும்பக்கரை அருவியில் திடீரென வெள்ளம் பெருகுவதும், வனத்துறை குளிக்கத் தடை விதிப்பதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. மேலே ஒரு கரை இருந்து, அது அவ்வேளையில் உடையுமானால், கீழே நிற்பவருக்கு எச்சரிக்கை பெறவும் நேரம் இராது. ஒரு ஏக்கர் பரப்பில் பத்தடி ஆழத்துக்குத் தேங்கிய குளத்தில் ஏறத்தாழ 12,300 டன் நீர் இருக்கிறது. சமவெளியில் அது குளம்; சரிவில், அத்தனை டன் எடையும் கீழ்நோக்கிப் பாயக் காத்திருக்கிறது.

மண்கரை தன்னளவில் தாழ்ந்த கட்டுமானம் அன்று. நம் முன்னோர் கட்டிய கண்மாய்களின் கரைகள் யாவும் மண்ணே. பல நூற்றாண்டுகள் நின்றிருக்கின்றன. அவை நின்றதற்குக் காரணம், அவற்றைக் காக்கும் ஆட்களும் முறையும் இருந்ததுதான். மழைக்காலத்து இரவில் கரையில் நடந்து, வெளிப்புற அடிவாரத்தில் கசியும் நீரைக் கையில் ஏந்திப் பார்ப்பவர் இருந்தார். கசிவு தெளிந்திருந்தால் பொறுக்கலாம். கலங்கி வந்தால், கரைக்குள்ளிருந்து மண்ணை நீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், ஊரைக் கூட்ட வேண்டும். எலி வளையையும் நண்டு வளையையும் தேடி அடைப்பதும், கரைமேல் மரம் வேரூன்றாமல் பார்ப்பதும், மிகுநீர் வெளியேறும் மறுகாலில் மண் மேடிடாமல் காப்பதும் ஊரின் கடமையாகக் குடிமராமத்து என்ற பெயரில் நடந்தன. கேளிக்கைக் குளத்துக்கு அப்படி எவர் இருக்கிறார்? உரிமையாளர் தொலைவில் உள்ள நகரத்தில் இருக்க, காவலாளி விடுதியின் வாயிலில் இருக்க, கரை தனித்து நிற்கிறது.

கட்டும் முறையிலும் அதே வேறுபாடு உண்டு. மண்ணை அரையடிப் படலங்களாகப் பரப்பி, அளவாக ஈரமாக்கி, ஒவ்வொரு படலத்தையும் கெட்டிப்படுத்தி, நடுவே களிமண் சுவர் எழுப்பி, அதன் அடியைக் கடினத் தரை வரை இறக்குவதே முறையான மண் அணை. மண் அள்ளும் இயந்திரத்தை இரண்டு நாள் வாடகைக்குப் பிடித்து, கிடைத்த மண்ணையும் வேர்த்தூரையும் ஓடையில் தள்ளிவிடுவது அணையாகாது. மண் அணைகளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டே: மறுகால் போதாமல் நீர் கரைமேல் ஏறி வழிவது, கரைக்குள்ளும் அடியிலும் நீர் வழிகண்டு அரிப்பது. முன்னது சில மணி நேரத்தில் கரையை அறுக்கும். பின்னது பல மாதங்கள் மறைந்து வேலை செய்யும். மகாராட்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை 2019 சூலை 2 இரவில் உடைந்து பத்தொன்பது பேருக்குக் குறையாமல் மாண்டபோது, கசிவைப் பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தது வெளிப்பட்டது. அது அரசின் அணை. முறையிட ஓர் அலுவலகமாவது இருந்தது.

கேளிக்கைக்காகத் தனியார் வைத்திருந்த மண் அணை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த முன்னிகழ்வு அமெரிக்காவின் சவுத் ஃபோர்க். பென்சில்வேனியா மாநிலம் கால்வாய்க்காகக் கட்டிய அவ்வணை பின்னர் கைமாறி, செல்வர்கள் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் கூடிய மன்றம் ஒன்றிடம் 1879-இல் வந்து சேர்ந்தது. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃபிரிக்கும் அதன் உறுப்பினர். அடிமதகின் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பெயர்த்து விற்றிருந்தார்; மன்றத்தார் அவற்றை மீளப் பதிக்கவில்லை. வண்டிகள் எதிரெதிரே செல்ல வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். விலைகொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பாதிருக்க மறுகாலில் கம்பிவலை இட்டனர். கீழ்நகரத்து இரும்பாலை 1880-இல் அனுப்பிய பொறியாளர், நீரை வடிக்க வழியில்லை என்று சுட்டிக்காட்டியபோது, அஞ்ச வேண்டாம் என்று மறுமொழி வந்தது. 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைமேல் ஏறியது. ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர். மன்றத்தையோ அதன் உறுப்பினரையோ பொறுப்பாக்கி எந்த நீதிமன்றமும் இழப்பீடு வாங்கித் தரவில்லை. அங்கு நடந்தவற்றில் ஒவ்வொன்றும் சிறிய, வசதிக்காகச் செய்த மாற்றமே என்பதைப் படிப்போர் கருத்தூன்றி நோக்க வேண்டுகிறோம்.

சட்டத்தின் மரபு இப்பொருளில் தெளிவாகவே பேசியிருக்கிறது. ஒருவர் தேக்கிய நீர் அண்டையாரின் நிலக்கரிச் சுரங்கத்துள் பாய்ந்த ரைலண்ட்ஸ் வழக்கில், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் தேக்கியவரே பொறுப்பு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1868-இல் தீர்த்தது. ஆறே ஆண்டுகளில் அந்நெறி சென்னை மாகாணத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் சமீன்தாருடைய ஏரிகள் உடைந்து இரயில் பாதைக்குச் சேதம் விளைந்த வழக்கில், 1874-இல் பிரிவி கவுன்சில் அவரைப் பொறுப்பாக்க மறுத்தது. இந்நாட்டில் ஏரி காப்பது வேளாண்மைக்காகத் தொன்றுதொட்டு வரும் பொதுக்கடமை, அதை அவர் தம் நலத்துக்காக மட்டும் செய்யவில்லை என்பதே அதன் காரணம். அத்தீர்ப்பின் மறுபக்கத்தையே நாம் இன்று கவனிக்க வேண்டும். பயிருக்கும் ஊருக்கும் நீர் தேக்கியவருக்குச் சட்டம் அளித்த அந்தக் குடை, பொழுதுபோக்குக்கு நீர் தேக்குபவருக்குக் கிடையாது. இன்பமும் வருவாயும் அவருக்கே உரியனவாக இருக்கையில் இடரை மட்டும் ஊருக்குப் பங்கு வைப்பது நீதியாகாது.

ஆயினும் இப்போதுள்ள சட்டம் இக்கரைகளைக் காண்பதே இல்லை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் கரை நீளம், கொள்ளளவு, வெள்ள வெளியேற்றம் போன்ற வரம்புகளைத் தொடுவனவற்றையும் மட்டுமே தன் ஆளுகைக்குள் கொணர்கிறது. உரிமையாளரின் கடமை, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, நெருக்கடிக்காலச் செயல்திட்டம் என அச்சட்டம் வகுத்துள்ள நல்ல நெறிகள் எட்டு மீட்டர் கரைக்குக் கீழே உறங்கும் சிற்றூருக்கு எட்டுவதில்லை. பிரிட்டனில் ஓர் ஆலை நிறுவனத்தின் அணைகள் 1925-இல் டால்கரோக் என்னும் சிற்றூர்மேல் உடைந்து 16 பேர் மாண்டதை அடுத்து 1930-இல் சட்டம் இயற்றினர். பின்வந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உயரத்தை அன்று, இயற்கைத் தரைமட்டத்துக்கு மேல் தேங்கும் நீரின் அளவையே அளவுகோலாகக் கொண்டு, 25,000 கனமீட்டரை எல்லையாக வைத்தது. நம் மலைச்சரிவுகளுக்கு அந்த எல்லையும் தளர்வானதே என்பது எம் கருத்து. கரை எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிலும், அதன் கீழே எவர் வாழ்கிறார் என்பதே முதல் வினாவாக வேண்டும்.

நீதிமன்றம் வழிகாட்டாமலும் இல்லை. குற்றாலப் பகுதியில் தனியார் விடுதிகள் இயற்கை நீர்வழியைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்ததை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டித்து, நடவடிக்கைக்கு ஆணையிட்டது. ஓடை எவருடைய தோட்டத்தின் ஊடே போனாலும் அது பொதுச்சொத்து என்னும் நெறி அதில் அடங்கியிருக்கிறது. தேனி மாவட்ட நிருவாகம் வழக்கு ஒன்று வரும்வரை காத்திராமல், அந்நெறியைத் தானே கையிலெடுக்கலாம்.

இதனால் உழவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தரையைத் தோண்டி மழைநீரைச் சேர்க்கும் பண்ணைக்குட்டை வேறு. ஓடையை மறித்துத் தரைக்குமேல் நீரை நிறுத்தும் கரை வேறு. முன்னதில் நீர் நிலத்துக்குள் இருக்கிறது, உடைய ஏதுமில்லை. பின்னதை மட்டுமே நாம் குறிக்கிறோம். வருவாய்த் துறை, வனத்துறை, பொதுப்பணியிலும் நீர்வளத்திலும் தேர்ந்த பொறியாளர்கள் ஒன்றுகூடி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி வட்டங்களின் மலையடிவாரத்தில் இத்தகைய கரைகள் எங்கெங்கு உள்ளன என்று ஓடை ஓடையாக நடந்து பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். இசைவின்றி ஓடையை மறித்தவை அகற்றப்பட வேண்டும். அதுவும் கரையை வெட்டிவிட்டு அன்று, முதலில் நீரைச் சிறுகச் சிறுக வடித்து. நிற்கத் தக்கவை என்று பொறியாளர் சான்றளிப்பவற்றுக்கும், போதிய மறுகாலும், இயங்கும் அடிமதகும், ஊராட்சியிடம் பெயர் பதிந்த கரைக்காவலர் ஒருவரும், கீழுள்ள குடியிருப்புகளுக்கு எச்சரிக்கும் ஏற்பாடும் உரிமையாளர் செலவிலேயே அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். பதிவேட்டுப் பணி ஆவணிக்குள் முடிந்தால்தான், வடிக்க வேண்டிய குளங்களை வடிக்க நாள் இருக்கும்.