வானின் பெயரும் காவிரியின் பெயரும்

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டுவது எளிது. அப்பெயருக்கு அப்பொருளைப் பாத்திரமாக்குவது அரிது. மக்களுக்கும் தேசங்களுக்கும் பொதுவான இவ்விதி, ஆகாய விமானத் துறையில் மிகத் தெளிவாக விளங்குகின்றது. வானத்தின் பகுதிகளுக்கும் விமானத்தின் இஞ்சின்களுக்கும் பெயர் வந்த வரலாறு வெறும் வேடிக்கைச் செய்தியன்று. நமது தேசம் எங்கே நிற்கின்றது என்பதை அது காட்டுகின்றது.

முதலில் வானத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானியம்மன் சந்நிதியில் கூடும் ஜனத்திரளின் தலைக்கு மேலுள்ள வானுக்கு ஒரு பெயர் உண்டென்பதை அறிந்தோர் சிலரே. அது 'சென்னை வான் தகவல் மண்டலம்' எனப்படும். இந்தியாவின் வானம் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. சென்னை மண்டலம் தென்னிந்தியாவை மட்டுமன்றி வங்கக் கடலின் பரந்த பாகத்தையும் தன்னுள் அடக்கியது. தெற்கே கொழும்பு மண்டலமும் கிழக்கே கோலாலம்பூர் மண்டலமும் அதனோடு எல்லை கொண்டுள்ளன.

இப்பெயர்களை யார் இட்டனர்? 1944-ம் ஆண்டில் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பேரில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 1947-ல் தோன்றிற்று. அவ்வுடன்படிக்கையின் பதினோராம் அநுபந்தம் இதற்கு வழி கூறுகின்றது. வான் போக்குவரத்தை நடத்தும் நிலையம் அருகிலுள்ள ஊர், நகரம் அல்லது இயற்கை அடையாளத்தின் பெயரைப் பெற வேண்டும். அந்நிலையம் பொறுப்பு வகிக்கும் வான் மண்டலம் அந்நிலையத்தின் பெயரைப் பெற வேண்டும். அதாவது, கீழே கிடக்கும் நிலம் யாருடையது என்பதைக் கொண்டு மண்டலத்துக்குப் பெயர் அமைவதில்லை. இரவு பகலாக விழித்திருந்து, விமானங்களுக்கு வழி காட்டி, ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை விடுக்கும் ஊர் எதுவோ அதன் பெயரே வானுக்கு அமைகின்றது.

சட்டம் பயின்றோர் இதை எளிதில் உணர்வர். கோயிலுக்குத் தர்மகர்த்தா உண்டு. அவர் கோயிலின் சொந்தக்காரர் அல்லர். தன் நிலத்தின் மேலுள்ள வானில் ஒரு தேசத்துக்குப் பூரண ஆதிபத்தியம் உண்டென்று சிகாகோ உடன்படிக்கையின் முதல் ஷரத்தே கூறுகின்றது. ஆனால் ஆழ்கடலின் மேலுள்ள வானம் எவருக்கும் சொந்தமன்று. அங்கே சென்னையின் பெயர் விளங்குவது ஆட்சியால் அன்று, கடமையால். இந்தோனேசியாவுக்குச் சொந்தமான ரியாவ், நதூனா தீவுகளின் மேலுள்ள வானம் பல்லாண்டுகளாகச் சிங்கப்பூர் மண்டலத்தில் அடங்கியிருந்தது. 2022 ஜனவரியில் இரு தேசங்களும் ஒப்பந்தம் செய்து, 2024 மார்ச்சு முதல் எல்லையைத் திருத்திக்கொண்டன. திருத்திய பின்னரும், ஒரு பகுதியில் வழிகாட்டும் பணியைச் சிங்கப்பூரிடமே இந்தோனேசியா ஒப்படைத்தது. ஆதிபத்தியம் ஓரிடத்திலும் உழைப்பு மற்றோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

நமது நண்பர்களில் சிலர், 1996-ல் சென்னை என்ற பெயர் உத்தியோக முறையில் ஏற்பட்ட பின்னரும் விமானக் குறியீடுகளில் 'மதராஸ்' தங்கியிருப்பதைக் குறித்து மனம் வருந்துகின்றனர். மெய்தான், பிரயாணிகளின் பெட்டியில் ஒட்டும் சீட்டில் இன்னும் எம்-ஏ-ஏ என்றே இருக்கின்றது. விமானிகள் வழங்கும் வி-ஓ-எம்-எம் என்ற குறியிலும் மதராஸின் முதலெழுத்தே நிற்கின்றது. மும்பைக்குப் பி-ஓ-எம் என்பதும் கொல்கத்தாவுக்கு ஸி-ஸி-யு என்பதும் அவ்வாறே நிலைத்துவிட்டன. ஆயினும் மண்டலத்தின் பெயர் சென்னை என மாறிவிட்டது. விமானிகள் அழைப்பதும் சென்னையைத்தான். குறியெழுத்து தந்திக்காரரின் வசதிக்கு ஏற்பட்டது. அதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. வான மண்டலத்தில் நமது பெயர் நமது உழைப்பால் நிலைபெற்றிருக்கின்றது. நாம் வெட்கப்பட வேண்டிய இடம் விமானத்தின் வயிற்றில் இருக்கின்றது.

பிரிட்டிஷார் தமது இஞ்சின்களுக்குப் பெயரிட்ட முறையைக் கவனியுங்கள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் முதல் உலக யுத்த காலத்தில் செய்த இஞ்சினுக்குக் கழுகின் பெயரை வைத்தனர். பின்னரும் வேட்டைப் பறவைகளின் பெயர்களையே வைத்து வந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற 'மெர்லின்' இஞ்சினும் ஒருவகைச் சிறு வல்லூறின் பெயரைக் கொண்டதேயன்றி, பலர் நினைப்பது போல் கதையில் வரும் மந்திரவாதியின் பெயரைக் கொண்டதன்று. ஜெட் இஞ்சின் தோன்றியதும் நதிகளின் பெயர்களுக்கு மாறினர். விட்டுவிட்டு வெடிக்கும் பழைய இஞ்சினைப் போலன்றி, ஜெட் இஞ்சினில் வாயு நதியைப் போல் இடையறாது ஓடுகின்றதன்றோ! வெல்லண்ட், டெர்வெண்ட், நீன், ஏவன், ட்ரெண்ட் யாவும் அவர்கள் நாட்டு ஆறுகள். டெர்வெண்ட் நதி அக்கம்பெனியின் தொழிற்சாலையுள்ள டர்பி நகரின் ஊடே ஓடுகின்றது. பிரிஸ்டல் கம்பெனியார் கிரேக்க புராணப் பெயர்களையும், ஆம்ஸ்ட்ராங் ஸிட்லி கம்பெனியார் முதலில் புலி, சிறுத்தைகளின் பெயர்களையும் பின்பு பாம்புகளின் பெயர்களையும் விரும்பினர். ஆகவே இஞ்சினின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அது எவர் பட்டறையில் பிறந்தது என்று பலகாலும் சொல்லிவிடலாம்.

இப்பொழுது நமது கதைக்கு வருவோம். 1961-ல் பெங்களூரில் பறந்த ஹிந்துஸ்தான் கம்பெனியின் போர் விமானத்துக்கு வேத காலத்துக் காற்றுத் தேவர்களின் பெயரால் 'மருத்' என்று நாமகரணம் செய்தோம். அதனுள் இருந்த இஞ்சினோ கிரேக்கப் பாடகனாகிய 'ஆர்ஃபியஸ்'. 'கிரண்' என்று வடமொழிப் பெயரிட்ட பயிற்சி விமானத்தின் முதல் வகையில் இருந்தது 'வைப்பர்', அதாவது சீமைப் பாம்பு. மேனிக்கு நமது பெயர், உயிருக்கு அந்நியர் பெயர்! மருத் விமானத்துக்கென முதலில் எண்ணியிருந்த வலிய இஞ்சின் கிட்டாமற் போகவே, அது தன் முழு வேகத்தை எட்டாமலேயே ஓய்வு பெற்றது.

இக்குறையைத் தீர்க்கவே 'காவிரி' பிறந்தது. பெங்களூரிலுள்ள வாயுச் சுழலி ஆராய்ச்சி நிலையத்துக்கு 1989-ல் சுமார் 383 கோடி ரூபாய் ஒதுக்கிச் சர்க்கார் இவ்வேலையைத் தொடங்கிற்று. அதன் உள்ளுறுப்பாகிய மூல இஞ்சினுக்குக் 'கபினி' என்று பெயர். கபினி காவிரியில் கலப்பதுபோல் அது இதில் அடங்கும். இதைவிட அழகிய பெயர் வேறில்லை. ஆனால் நடந்தது யாது? எடை கூடிற்று, உந்துவிசை குறைந்தது. 2008-ல் 'தேஜஸ்' விமானத்தின் திட்டத்தினின்றும் காவிரி பிரிக்கப்பட்டது. 2010-ல் அதை வானில் பரீக்ஷிக்க ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், அந்நாட்டு விமானத்தில் பொருத்த வேண்டியதாயிற்று. தேஜஸ் இன்று அமெரிக்க இஞ்சினைக் கொண்டே பறக்கின்றது. அதற்குப் பெயர்கூட இல்லை, 404 என்ற எண்தான்.

இது விஞ்ஞானிகளின் குற்றமென்று கூறுவது அநியாயம். ஜெட் இஞ்சினின் சுழலித் தகடுகளின் மீது மோதும் வாயு, அத்தகடுகளின் உலோகம் உருகும் சூட்டினும் அதிகச் சூடுள்ளது. மயிரிழை போன்ற துளைகளின் வழியே குளிர்காற்றைச் செலுத்தியும், முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வார்த்தும் உலோகத்தைக் காக்கின்றனர். இவ்வித்தையைக் கற்ற தேசங்கள் மிகச் சில. அவை அதைப் பிறருக்கு எளிதில் சொல்வதுமில்லை. சீனரும் தங்கள் போர் விமானங்களை முதலில் ரஷ்ய இஞ்சினைக் கொண்டே ஓட்டினர்; நெடுநாள் பாடுபட்ட பின்பே தைஹாங் மலையின் பெயர் தாங்கிய சொந்த இஞ்சினைப் பொருத்தினர்.

"பணம் கொடுத்தால் இஞ்சின் கிடைக்காதா?" என்று கேட்பாருமுளர். அவர்களுக்கு அண்மை அநுபவமே விடை. தேஜஸுக்காக 2021-ல் 99 அமெரிக்க இஞ்சின்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். அவற்றில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். இஞ்சின் வராததால் விமானங்கள் காத்திருந்தன. விமானங்கள் வராததால் விமானப்படை காத்திருந்தது. பிறர் கதவு திறக்கும்வரை வாசலில் நிற்பது சுதந்திர தேசத்துக்கு அழகாகாது.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது இது: புதிய பெயர்களைத் தேடுவதற்கு முன் பழைய பெயருக்குரிய கடனைத் தீருங்கள். வானில் இஞ்சினைப் பரீக்ஷிக்கும் விமானம் நமது மண்ணிலேயே இருக்க வேண்டும். மந்திரிசபை மாறினாலும் மாறாத நீண்ட காலப் பொருளுதவி வேண்டும். உலோக வித்தைக்குக் கல்லூரிகளில் முதலிடம் வேண்டும். திருவள்ளூர் ஜில்லாவுக்கும் இதில் பங்குண்டு. ஆவடித் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கு இஞ்சின் செய்கின்றோம். கும்மிடிப்பூண்டியில் உலைகள் எரிகின்றன. இரும்பை உருக்கி வார்க்கும் தொழிலாளியின் மகன் நாளை சுழலித் தகட்டை வார்க்கும் நிபுணனாவதற்கு வேண்டிய பயிற்சிப் பள்ளிகளை இங்கேயே அமைப்பது ராஜாங்கத்தின் கடமை. அவனை அப்பள்ளிக்கு அனுப்புவது நமது கடமை.

சென்னையின் பெயரை வானம் ஏற்றுக்கொண்டது, சென்னை விழித்திருந்து உழைப்பதால். காவிரியின் பெயரையும் வானம் ஏற்கும். ஆனால் அந்த உழைப்பைக் கொடுத்த பிறகே ஏற்கும்.