வேஷம் கட்டின வேடனும் நிஜ வேடனும்

உலக மகா காவியங்கள் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்தக் காவியங்களில் உதை வாங்குகிறவன் யார்? ஹோமரா கம்பனா, யார் உசத்தி என்று பட்டிமன்றம் நடத்துங்கள், வேணாங்கல. நடுவில் இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த ஒப்பீட்டு வேலையைப் பெரிய அளவில் செய்தவர் வ.வே.சு. ஐயர். ஆங்கிலத்தில் கம்பராமாயண ஆய்வு எழுதி ஹோமரையும் வர்ஜிலையும் மில்டனையும் கம்பனுக்குக் கீழே உட்கார வைத்தார். அதே ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25இல் பெரியாரும் வரதராஜுலுவும் கேள்வி கேட்ட பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. கிரேக்கக் கவியைத் தமிழ்க் கவியோடு ஒரே பந்தியில் உட்கார வைக்க முடிந்தது, பிள்ளைகளை முடியவில்லை. இலக்கிய ரசனை வேறு சமூகம் வேறு என்று சொல்லிக்கினு வருகிற அய்யாமார்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

நான் நெம்மேலிக்காரன். சேரியிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்கப் போனவன். நான் படித்த கல்லூரியில் இலியட் நடத்தினார்கள். அக்கிலீசின் கோபத்துக்கு மட்டும் ஒரு வாரம். இரண்டாம் காண்டத்தில் வருகிற தெர்சைட்டீஸ் பற்றி, அவன் ஒரு கோமாளி, பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டார்கள். பரீட்சைக்கு வராதவனைத்தான் நாம் பார்க்க வேண்டும் தோழர்களே.

ட்ராய் முற்றுகை ஒன்பது வருசமாக இழுக்கிறது. படையே நொந்து கிடக்கிறது. தெர்சைட்டீஸ் எழுந்து பேரரசன் அகமெம்னானைக் கேட்கிறான்: உன் கூடாரம் பூரா வெண்கலம், நாங்க பிடிச்சிக் குடுத்த பொம்பளைங்க, இன்னும் உனக்கு இன்னா வேணும்? வாங்கப்பா, கப்பலேறி ஊருக்குப் போவலாம், இவன் இங்கியே கெடக்கட்டும் என்கிறான் (பாஷை என்னுது, சேதி அவனுது). முதல் காண்டத்தில் அக்கிலீஸ் பேசினதும் ஏறக்குறைய இதேதான். அக்கிலீஸ் பேசும்போது தேவதை இறங்கி வந்து சமாதானம் சொல்கிறாள். தெர்சைட்டீஸ் பேசினால் ஒடிசியஸ் செங்கோலாலேயே முதுகில் சாத்துகிறான். முதுகு தடித்து ரத்தம் கட்டுகிறது, கண்ணில் தண்ணி. படை சிரிக்கிறது. அவன் யாருக்காகப் பேசினானோ அந்தப் படை!

அதற்கு முன்பே கவி ஒரு வேலை செய்துவிடுகிறார். வீரர்கள் வரும்போதெல்லாம் அப்பன் பேர், ஊர் பேர் சொல்கிறவர் இவனுக்கு இரண்டும் சொல்லவில்லை. கோணக் கால், ஒரு கால் நொண்டி, கூன் தோள், கூம்பின மண்டை, நாலு மயிர் என்று உடம்பை மட்டும் வர்ணிக்கிறார். கறுப்பு, நாத்தம், குட்டை என்று நம்மை வர்ணித்த பேனாக்களை நமக்குத் தெரியாதா? கேள்விக்குப் பதில் இல்லாதவன் கேட்டவன் மூஞ்சியைப் பற்றிப் பேசுவான். பிற்பாடு வந்த ஒரு கிரேக்கக் காவியத்தில் தெர்சைட்டீசைக் கொன்றே போடுகிறார்கள். கொல்கிறவன் அதே அக்கிலீஸ்.

நம்ம தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். துரியோதனன் முன்னாடியே நின்று ராஜாவை நக்கல் அடிப்பான், விடிய விடிய அடிப்பான், எவனும் அவன்மேல் செங்கோலை ஓங்குவதில்லை. கூத்து அநாகரிகம் என்று ஒதுக்கினவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை யோசித்தார்களா?

இனி வேஷத்துக்கு வருகிறேன். ஒடிசியஸ் இருபது வருசம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். அங்கே நிஜப் பிச்சைக்காரன் ஒருவன் இருக்கிறான். அம்மா வைத்த பேர் ஆர்னேயஸ். ஏவின வேலைக்கு ஓடுகிறவன் என்பதால் பசங்கள் வைத்த பேர் ஈரஸ். யோக்கியன் ஒன்றுமில்லை, வாசல் இடத்துக்கு அவன்தான் முதலில் வம்புக்கு வருகிறான். உள்ளே தின்று கொழுத்த பிரபுக்கள் இரண்டு பேரையும் மோத விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள், ஜெயிக்கிறவனுக்கு ஆட்டுக் குடல் கறி. ஒடிசியஸ் ஒரே குத்தில் அவன் எலும்பை நொறுக்கி, காலைப் பிடித்து இழுத்துப் போய் வெளிச் சுவரில் சாய்த்து வைக்கிறான். பிச்சைக்கார வேஷம் ராஜாவுக்குப் பெருமை, நிஜப் பிச்சைக்காரனுக்குத் தாடை உடைகிறது.

இதையே எங்க ஊரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் மாமல்லபுரத்துப் பாறையில் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசு என்கிறார்கள், இல்லை பகீரதன் கங்கையை இறக்குவது என்றும் சண்டை போடுகிறார்கள். 2019 அக்டோபரில் பிரதமர் வேட்டி கட்டி வந்து சீன அதிபருக்குக் காட்டியது இதைத்தான். அர்ச்சுனன் கதைப்படி சிவன் கிராதனாக, வேடனாக வருகிறான். அர்ச்சுனன் வேடப்பயல்தானே என்று ஏசி மோதுகிறான். சிவன் என்று தெரிந்ததும் காலில் விழுகிறான், பாசுபதம் கிடைக்கிறது. அதே பாரதத்தில் நிஜ வேடன் ஏகலைவன். வில் வித்தையில் அர்ச்சுனனை மிஞ்சினான், கட்டை விரல் போச்சு. வேடன் வேஷம் போட்டால் சாமி, வேடனாகவே இருந்தால் விரலை வெட்டு. இந்திய அரசு விளையாட்டு வீரர்களுக்கு 1961 முதல் அர்ச்சுனன் பேரிலும், பயிற்சி தருகிறவர்களுக்கு 1985 முதல் துரோணர் பேரிலும் விருது தருகிறது. விரலை வாங்கினவன் பேரில் குருவுக்கு விருது! ஏகலைவன் பேரை ஆதிவாசிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக்கு வைத்திருக்கிறார்கள்.

பாறையைப் பார்க்கப் போகிற காரெல்லாம் வடநெம்மேலியைத் தாண்டித்தான் போகிறது. அங்கே 1978இல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தோல் வியாபாரம் போய், விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். நாட்டில் பாம்பு கடித்தவன் பிழைக்கிற ஊசி மருந்துக்குள் இருளனின் கைவேலை இருக்கிறது. கல்லில் செதுக்கின வேடனைப் பார்க்க உலகம் வருகிறது. உயிரோடிருக்கிற வேடன் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறான்.

சோற்றுக் கதையைச் சொல்லாமல் முடியாது. அரக்கு மாளிகையில் குந்தி விருந்து வைக்கிறாள். ஒரு நிஷாதப் பெண் ஐந்து பிள்ளைகளோடு சோற்றுக்கு வருகிறாள். தின்று, குடித்து, அங்கேயே தூங்குகிறார்கள். பீமன் தீ வைத்துவிட்டுத் தன் சனத்தோடு சுரங்கத்தில் போய்விடுகிறான். காலையில் ஆறு கருகின பிணம். ஊரே பாண்டவர் என்று நம்பி அழுகிறது. அவளுக்காக யாரும் அழவில்லை. ஒடிசியில் பன்னிரண்டு அடிமைப் பெண்கள். எசமான்கள் இழுத்த இழுப்புக்குப் படுத்தது குற்றம். பிணங்களை அவர்களையே தூக்க வைத்து, ரத்தத்தை அவர்களையே கழுவ வைத்து, பிறகு கப்பல் கயிற்றில் வரிசையாகத் தொங்க விடுகிறான் டெலிமாக்கஸ். வாளால் வெட்டச் சொல்கிறான் அப்பன். அந்தச் சுத்தமான சாவுகூட இவள்களுக்கு ஆகாது என்கிறான் மகன். நிஷாதப் பெண்ணுக்காக மகாஸ்வேதா தேவி எழுதினார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக 2005இல் மார்கரெட் அட்வுட் எழுதினார். 2017இல் ஒடிசியை ஆங்கிலத்தில் கொண்டுவந்த எமிலி வில்சன், வேலைக்காரி என்று பூசி மெழுகாமல் அடிமை என்றே எழுதினார். தமிழ்ப் பேராசிரியர்கள் இன்னும் உவமை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண்ணை எழுப்பி விரட்டினார்கள். அவர் கேள்வி கேட்டது வீடியோவாக ஊரெல்லாம் போனது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டாவைக் கொண்டுவந்தது ஒரு பெண்ணின் வாய். தெர்சைட்டீஸ் பேசினது போலப் பேசின வாய். இந்த முறை கூட்டம் அடித்தவன் பக்கம் நின்று சிரிக்கவில்லை.

இதையெல்லாம் கொளுத்திப் போடு என்கிறார்கள் சில தோழர்கள். கோபம் நியாயம், யோசனை சரியில்லை. கொளுத்தினால் அந்த ஆறு பேரும் இரண்டாம் முறை எரிவார்கள். பாரதக் கூத்து நம்ம பறை இல்லாமல் நடந்ததில்லை. நம்ம தெருவிலும் வாத்தியார் இருக்கிறார், வேஷம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரக்கு மாளிகை ஆடுகிற ராத்திரி பாண்டவர் சுரங்கத்தில் இறங்கினதும் திரையைப் போடக் கூடாது. நிஷாதப் பெண் எழுந்து வரணும், தீக்குள்ளேயிருந்து பேசணும். கட்டியங்காரன் அவளை விசாரிக்கணும்: யாருமே நீ, இன்னா ஊரு, அஞ்சு பிள்ளைக்கும் இன்னா பேரு? வியாசர் ஆறு பேரில் ஒருவருக்கும் பேர் வைக்கவில்லை. பாட்டு எழுதத் தெரிந்த தோழர்கள் பேரோடு எழுதி அனுப்புங்கள். ஆடி மாசத்துக்கு முன்னாடி வந்தால் ஒத்திகைக்கு நாள் இருக்கும்.